தாயின் நோயும் மூன்று பிள்ளைகளின் குடும்பமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மனம் அளவுமீறிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிச் செல்லும் இருமுனைக் கோளாறுக்காக, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக என்னிடம் சிகிச்சை பெற்றுவரும் ஒரு பெண்ணின் வரலாறு இது. அவருடைய வரலாற்றை மட்டும் எழுதினால் பாதியைத்தான் எழுதியதாகும். அவருடைய தாய்க்கு வந்த நோய், நோயே வராத அண்ணனுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையும், நோயே வராத அக்காவுக்குத் திருமணம் நடக்குமா என்பதையும் தீர்மானித்திருந்தது. மூவருமே ஒரே தவறான எண்ணை நம்பி வாழ்ந்திருக்கிறார்கள். அந்த எண்ணைத் திருத்தியிருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். பல ஆண்டுகள் திருத்தவில்லை. குடும்பத்தாரின் ஒப்புதலுடன் இதை எழுதுகிறேன். அவர்களை யாரும் அடையாளம் காணாதிருக்கும் பொருட்டு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த காரணம்

இங்கே சொல்லப்போகும் சந்திப்பின்போது அந்தப் பெண்ணுக்கு வயது 31. முதல் மேனியா, அதாவது அளவுமீறிய மனஎழுச்சி, 20 வயதில் வந்தது. இரண்டு முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். 23 வயதில் என்னிடம் வந்தபோதே மனநிலையைச் சமன்படுத்தும் வால்ப்ரோயேட் மாத்திரை உட்கொண்டிருந்தார், நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம். அதையே தொடர்ந்தேன். கடைசி ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட நோய் திரும்பவில்லை. 27 வயதில் திருமணம். கணவருக்கு நோய் பற்றி முன்பே தெரியும்; மறைத்து நடந்த திருமணம் அன்று.

குறித்த நாளுக்குப் பத்து நாட்கள் முன்னதாகவே இருவரும் வந்தார்கள். மாதவிலக்கு வந்து 52 நாட்கள் ஆகியிருந்தன. கருவுற்றிருக்கிறோமோ என்று வீட்டிலேயே இரண்டு முறை சோதித்து, இரண்டு முறையும் இல்லை என்று வந்த பிறகும் அவருடைய பயம் நீங்கவில்லை. கைப்பையிலிருந்து மாத்திரை அட்டைப்பெட்டியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். அதில் கர்ப்பிணிப் பெண்ணின் உருவத்தின் குறுக்கே கோடு போட்ட எச்சரிக்கைப் படம் அச்சாகியிருந்தது. "இந்தப் படம் எத்தனை வருஷமா இதுல இருக்கு டாக்டர்?" என்று கேட்டார்.

அன்று மாலை அவருடைய கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். 46 சந்திப்புகள். தூக்கம், எடை, மனநிலை, கல்லீரல் சோதனை, இரத்தத்தில் மருந்தின் அளவு எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. 'கருத்தடை தொடர்கிறது' என்று ஓரிடத்தில் இருந்தது. குழந்தை வேண்டுமா, எப்போது, ஏன் இல்லை என்று நான் கேட்டதற்கான ஒரு வரிகூட இல்லை. நோய் அடங்கியிருந்தது, அதோடு என் வேலை முடிந்ததாக எண்ணியிருக்கிறேன்.

கருவுற்ற காலத்தில் வால்ப்ரோயேட் உட்கொண்டால், பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேருக்குப் பெரிய உடற்குறைகள் வரும். 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கற்றல், நடத்தை ஆகியவற்றில் வளர்ச்சிக் குறைபாடுகள் தோன்றும். இவ்வளவு பெரிய தீங்கு விளைவிக்கக்கூடிய மருந்து என்பதால்தான், பயன்தரும் கருத்தடையை உறுதிசெய்யாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2018-இல் விதிகளை இறுக்கியது. மாதவிலக்கு தள்ளிப்போவதற்கும் சினைப்பையில் நீர்க்கட்டிகள் தோன்றுவதற்கும் இதே மருந்துக்குத் தொடர்புண்டு. அவரை அச்சுறுத்திய அந்த 52 நாட்களுக்கும் மருந்தே காரணமாக இருந்திருக்கலாம். வேறு சில மனநோய் மருந்துகளும் இப்படியே பிள்ளைப்பேற்றில் குறுக்கிடுகின்றன: ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவை பால்சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டி மாதவிலக்கையே நிறுத்திவிடக்கூடும். பிள்ளை இல்லாமைக்குப் பரம்பரையைக் காரணம் காட்டுவதற்கு முன் மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும் என்பதை இந்தப் பெண்ணிடமிருந்துதான் கற்றேன்.

குடும்ப வரலாறு

அடுத்த சந்திப்பில் மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தை வரைந்தோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவருக்குக் கறுப்பு. பேனாவை அவரிடமே கொடுத்தேன். தாயின் வட்டத்தை இடம் விடாமல் அழுத்தி நிரப்பினார். பிறகு தம் வட்டத்துக்கு வந்து நிறுத்தி, "இதையும்தானே?" என்று கேட்டுவிட்டு, மெல்லிய கோடுகளால் நிரப்பினார்.

தாய்க்கு நோய் தொடங்கியது மூன்றாவது பேற்றுக்குப் பின் ஆறாம் நாள். தூக்கம் அற்றது; பேச்சு நிற்கவில்லை; பிறந்த குழந்தை மாற்றப்பட்டுவிட்டது என்று கூச்சலிட்டார்; நான்கு மாதம் வீட்டுக்கு வெளியே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் குழந்தைதான் இந்தப் பெண். "உன்னைப் பெத்ததுக்கு அப்புறம்தான் உங்கம்மாவுக்கு இப்படி ஆச்சு" என்று உறவினர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். அதன் பின்னும் தாய்க்குப் பலமுறை நோய் வந்துபோனது. தொடர் சிகிச்சை இல்லை. நோயின் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. இந்தப் பெண்ணின் 24ஆம் வயதில் தாய் இதயநோயால் இறந்தார். தாய்வழித் தாத்தாவும் 'சில வருஷம் வெளியே வராமல் இருந்தவர்' என்றார்கள். அதைக் கேள்விக்குறியோடு விட்டேன். கணவரின் தந்தைக்கு மனச்சோர்வுக்குச் சிகிச்சை நடந்திருந்தது.

அண்ணனுக்கு வயது 40. தாய் நோயுற்றபோது அவருக்கு வயது ஒன்பது. கைக்குழந்தையான தங்கையைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடந்தது அவருக்கு நினைவிருக்கிறது. அவருக்கு ஒரே மகள். மகளுக்கு இரண்டு வயதானபோது யாரிடமும் கலந்துகொள்ளாமல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டார். அக்காவுக்கு வயது 36, திருமணம் செய்துகொள்ளவில்லை. 22 வயதில் "இது என்னோட நிக்கட்டும்" என்று தங்கையிடம் சொன்னவர், அதற்குப் பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இவர்கள் மூவரும் நம்பிய எண் ஒன்று: பாதிக்குப் பாதி. அண்ணன் பள்ளிப் பாடநூலில் படித்தது. ஓங்கு மரபணு ஒன்று பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு என்ற கணக்கைத் தாயின் நோய்க்குப் பொருத்தி, தங்கைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். மூளை நரம்புகளைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோய்க்கு அந்தக் கணக்கு முற்றிலும் பொருந்தும். அதற்கான மரபணுவை 1993-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். சோதித்தால் உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியும். மனச்சிதைவும் (ஸ்கிசோஃப்ரினியா) இருமுனைக் கோளாறும் அவ்வாறு இறங்குவதில்லை. 2022-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், மனச்சிதைவோடு தொடர்புள்ளவையாக மரபணுத்தொகுதியின் 287 இடங்கள் அடையாளம் காணப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. நோயில்லாதவர்களிடமும் அவை உண்டு. விதிவிலக்குகள் சில இருக்கின்றன: 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு குறைந்திருக்கும் நிலை அவற்றுள் ஒன்று. அது உள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. பிள்ளைக்கு இறங்குவதும் பாதிக்குப் பாதிதான். இந்தக் குடும்பத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

எண்களைச் சொன்ன நாள்

எண்ணைச் சொல்வதற்கு முன் இருவரிடமும் கேட்டேன்: தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா? கணவர் உடனே ஆம் என்றார். மனைவி சற்று நேரம் கழித்து, "பாதிக்கு மேல இல்லைன்னா சொல்லுங்க" என்றார்.

நூறு வட்டங்கள் அச்சிட்ட தாளைப் பயன்படுத்தினேன். டென்மார்க்கில் 22 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு இது: பெற்றோர் இருவருமே இருமுனைக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேராதவர்களின் பிள்ளைகளில் 0.48 விழுக்காட்டினருக்கும், பெற்றோரில் ஒருவர் சேர்ந்திருந்தால் 4.4 விழுக்காட்டினருக்கும், இருவரும் சேர்ந்திருந்தால் 24.9 விழுக்காட்டினருக்கும் அந்நோய் கண்டறியப்பட்டது. மனச்சிதைவுக்கு இதே வரிசையில் 0.86, 7.0, 27.3. 4.4-ஐச் சற்றே கூட்டி, நூற்றில் ஐந்து வட்டங்களை நிரப்பி அவரிடம் கொடுத்தேன். தாளை வெகுநேரம் பார்த்தார். கணவர் வெள்ளை வட்டங்களை விரலால் எண்ணினார். ஒருமுறை எண்ணி முடித்தும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

இத்துடன் நிறுத்தியிருந்தால் அவர்கள் மகிழ்ச்சியோடு எழுந்து போயிருப்பார்கள். அது நேர்மையாக இருந்திருக்காது. அந்தக் கணக்கு மருத்துவமனையில் சேர்ந்தவர்களை மட்டுமே கொண்டது. இலேசாக வந்துபோனவை அதில் இல்லை. மேலும் பிள்ளைக்குப் பெற்றோரின் நோயே வர வேண்டும் என்பதில்லை. கடுமையான மனநோயுள்ள பெற்றோரின் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு, இளம் பருவம் முடிவதற்குள் மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கடுமையாக வருகிறது என்று 2014-இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. இரண்டாம் தாளில் 32 வட்டங்களை நிரப்பினேன். அவர்களுள் பெரும்பகுதி மனச்சோர்வு என்பதையும், அது சிகிச்சைக்கு வசப்படும் நோய் என்பதையும், பெற்றோரின் நோய் கவனிக்கப்படாமல் கிடந்த வீடுகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன என்பதையும் சொன்னேன். அறை அமைதியாயிற்று. அந்த அமைதியை நான் கலைக்கவில்லை.

கனடாவில் வான்கூவரில் 2012 முதல் மனநோய்களுக்கென்றே மரபியல் ஆலோசனை மையம் ஒன்று இயங்கிவருகிறது. அங்கே ஒரு கண்ணாடிக் குடுவையைக் காட்டி விளக்குகிறார்கள். பரம்பரை வழி வந்தவை குடுவையில் முதலிலேயே கிடக்கும் பந்துகள். வாழ்வின் நெருக்கடிகள் பின்னர் விழும் பந்துகள். குடுவை நிரம்பி வழிவதுதான் நோய். தூக்கம், மருந்து, துணை ஆகியவை குடுவையின் விளிம்பை உயர்த்தும் வளையங்கள். அதையே ஒரு தாளில் வரைந்து காட்டினேன். "அப்போ அம்மாவோட குடுவைக்கு யாரும் வளையம் போடலை" என்றார். அவர் அழுதது அப்போதுதான்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கணவர் நேரடியாகக் கேட்டார். அதற்கு நான் விடை சொல்லவில்லை. சொல்லாததற்கான காரணத்தைச் சொன்னேன். பெற்றோரின் நோயைக் கொண்டு பிள்ளையின் நோய்க்கு விழுக்காடு சொல்லும் அட்டவணைகளை முதன்முதலில் பெருமளவில் தொகுத்தவர்களுள் ஒருவர் எர்ன்ஸ்ட் ருடின் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர். 1933-இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அச்சட்டத்தின் பட்டியலில் மனச்சிதைவும் இருமுனைக் கோளாறும் பெயர் சுட்டப்பட்டிருந்தன. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. யார் பிள்ளை பெறலாம் என்று மருத்துவர் தீர்மானித்த அந்தக் காலம் அவ்வளவு தொலைவில் இல்லை. இத்தகைய எண்களைச் சொல்லும் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல் வரக் கூடாது என்பது என் உறுதி.

கேட்கப்படாத கேள்வி

அவர்கள் இருவரும் குழந்தைக்கு வரும் ஆபத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். குடும்ப மரத்தைப் பார்த்த எனக்கோ தாய்க்கு வரும் ஆபத்துதான் பெரிதாகத் தெரிந்தது. பேற்றுக்குப் பின் தோன்றும் கடுமையான மனநோய் பொதுவாக ஆயிரத்தில் ஒன்றிரண்டு பெண்களுக்கு வருவது. இருமுனைக் கோளாறுள்ள பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு வருகிறது. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ அவ்வாறு வந்திருந்தால் இருவரில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ வருகிறது. நோய் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரென எழும். தாயின் ஆறாம் நாளை நான் மறுபடியும் குறிப்பிட்டபோது, தம்மைக் குற்றம் சொல்லும் கதையாகவே இதுவரை கேட்டிருந்ததை அவர் முதன்முறையாக மருத்துவத் தகவலாகக் கேட்டார். "அப்போ அது என்னால வந்ததில்ல. எனக்கும் வரக்கூடியது" என்றார்.

மருந்தை முழுவதும் நிறுத்திவிட்டுக் கருவுறலாமே என்று கணவரின் தாயார் சொல்லியிருந்தார். நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டது, பலரும் சொல்வது. 2007-இல் வந்த ஆய்வில், கருவுற்றதை ஒட்டி மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தை நிறுத்திய பெண்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்தவர்களில் 37 விழுக்காட்டினருக்கும் கர்ப்ப காலத்திலேயே நோய் திரும்பியது. ஆகவே வால்ப்ரோயேட்டை மெல்லக் குறைத்து, மனநிலையைச் சமன்படுத்தும் மற்றொரு மருந்தான லித்தியத்துக்கு மாற்றினோம். லித்தியத்திலும் ஆபத்து உண்டு: முதல் மூன்று மாதங்களில் அதை உட்கொண்டவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 2.4 பேருக்கும், உட்கொள்ளாதவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 1.15 பேருக்கும் இதயக் குறைபாடு காணப்பட்டதாக 2017-இல் வந்த ஆய்வு கூறுகிறது; மருந்தின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். இதையும் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

மாற்றத்துக்கு மூன்று மாதம், மனநிலை நிலைத்திருக்கிறதா என்று பார்க்க ஆறு மாதம், அதுவரை கருத்தடை. அதற்குப் பின் ஐந்தாம் மாதத்தில் கருவுற்றார்.

அண்ணனும் அக்காவும்

கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். தங்கை காட்டிய நூறு வட்டத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நோய் வராத தம்முடைய பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்டார். அவருக்கு 40 வயதுவரை எந்த அறிகுறியும் இல்லாததால், மகளுக்குப் பொது மக்களைவிடச் சிறிதே கூடுதலான வாய்ப்புதான் என்று சொன்னேன். பாதியில் பாதி என்று இத்தனை ஆண்டுகள் கணக்கிட்டிருக்கிறார். "அவளுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ இருந்திருக்கும் டாக்டர்" என்றார். அவருடைய மனைவிக்கு அப்போது 41 வயது. அறுவையை மாற்றியமைப்பது பற்றி நான் பேசத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

மனநோயால் குடும்பம் சுருங்குவதைக் காட்டும் பெரிய ஆய்வுகளில் இவரைப் போன்றவர்கள் தென்படுவதில்லை. ஸ்வீடனில் 1950-க்கும் 1970-க்கும் இடையே பிறந்த ஏறத்தாழ 23 இலட்சம் பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். பொது மக்களின் பிள்ளைகளின் சராசரியை ஒன்று என்று கொண்டால், மனச்சிதைவுள்ள ஆண்களுக்கு அது 0.23, பெண்களுக்கு 0.47, இருமுனைக் கோளாறுள்ள ஆண்களுக்கு 0.75, பெண்களுக்கு 0.85. மனச்சிதைவுள்ளவர்களின் சகோதரிகளுக்குப் பிள்ளைகள் சராசரியைவிடச் சற்றே கூடுதல்கூட. சராசரியில் எல்லாம் சமமாகிவிடுகிறது. அஞ்சி நிறுத்திக்கொண்ட ஒருவரும், விரும்பி மூவரைப் பெற்ற ஒருவரும் அங்கே ஒரே வரிசையில் கரைந்துபோகிறார்கள். மனச்சிதைவுள்ள ஆண்களின் 0.23 என்ற எண்ணுக்குள் எத்தனை பேர் பிள்ளை வேண்டாம் என்றிருந்தார்கள், எத்தனை பேருக்குத் துணையே கிடைக்கவில்லை, எத்தனை பேரிடம் மருத்துவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. கடைசி வகையில் எனக்கும் பங்குண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

அக்கா ஒருமுறைதான் வந்தார், அதுவும் தங்கையின் வற்புறுத்தலால். எண்களை அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிள்ளை வேண்டும் என்ற ஆசை தமக்கு எப்போதுமே இருந்ததில்லை, அதில் மாற்றமில்லை என்றார். திருமணத்தை மறுத்தது மட்டும் பயத்தால்தான், ஒருவரைக் குறிப்பாக நினைத்துக்கொண்டே மறுத்தேன் என்றார். இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்து யாரிடமும் தாம் சொன்னதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பேறும் அதன் பின்னும்

கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் லித்தியத்தை விரைவாக வெளியேற்றுவதால், இரத்தத்தில் அதன் அளவு குறைந்துகொண்டே வந்தது. மாதந்தோறும் சோதித்து இருமுறை மருந்தைக் கூட்டினோம். 20ஆம் வாரத்தில் குழந்தையின் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள், குறை ஏதுமில்லை. எட்டாம் மாதத்தில் கணவன், மனைவி, மகப்பேறு மருத்துவர், நான் ஆகிய நால்வரும் ஒரே பக்கத்தில் திட்டம் எழுதினோம். லித்தியம் தாய்ப்பாலில் கலப்பதாலும், இரவுத் தூக்கம் உடைவதே அவருக்குப் பெரிய ஆபத்து என்பதாலும், புட்டிப்பால் கொடுப்பதென்றும் இரவுகளைக் கணவரும் அக்காவும் பார்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. பாலூட்ட முடியாததில் அவருக்கு வருத்தம் இருந்தது, அதை மறைக்கவில்லை. நோய் தொடங்கும்போது தமக்குத் தோன்றும் ஐந்து அறிகுறிகளை அவரே தம் கையால் எழுதினார். மூன்றாவது: 'மடித்த துணியைத் திரும்பத் திரும்ப மடிப்பேன்.'

38ஆம் வாரத்தில் பெண் குழந்தை, நலமாகப் பிறந்தது. லித்தியத்தை அன்றே கர்ப்பத்துக்கு முந்தைய அளவுக்கு இறக்கினோம். ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கணவர் தொலைபேசியில் அழைத்தார். குழந்தையின் துணிகளை மனைவி நிறவாரியாக அடுக்கி, கலைத்து, நான்காம் முறையாக மடித்துக்கொண்டிருக்கிறார் என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. பின்னணியில் அவருடைய குரல் விரைவாகவும் மகிழ்ச்சியாகவும் கேட்டது. திட்டத்தில் எழுதியிருந்தபடி, மேனியாவை அடக்கும் ஓலான்சபைன் மாத்திரையை அப்போதே கொடுக்கச் சொன்னேன். குழந்தையை அக்கா அடுத்த அறைக்கு எடுத்துச் சென்றார். காலையில் நேரில் பார்த்தபோது மேனியாவின் தொடக்கம் தெளிவாகத் தெரிந்தது. மாயத்தோற்றமோ பொய்நம்பிக்கையோ இல்லை. நாள்தோறும் பார்த்தோம். பதின்மூன்றாம் நாள் ஏழு மணி நேரம் தூங்கினார். மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. தாயையும் குழந்தையையும் ஒருநாளும் பிரிக்கவில்லை. அவருடைய தாய் நான்கு மாதம் பிரிந்திருந்தார்.

இப்போது குழந்தைக்கு 19 மாதம். இரண்டாவது குழந்தையைப் பற்றிக் கேட்கச் சென்ற வாரம் இருவரும் வந்திருந்தார்கள். ஒருமுறை பேற்றுக்குப் பின் நோய் எழுந்தவருக்கு அடுத்த பேற்றிலும் எழும் வாய்ப்பு அதிகம் என்பதைச் சொன்னேன். கணவருக்கு இவள் ஒருத்தி போதும். அந்த இரண்டு மணி இரவை மறுபடி பார்க்கத் தம்மால் முடியுமா என்று தெரியவில்லை என்றார். தம்மை அக்கா பார்த்துக்கொண்டதுபோல் தம் மகளுக்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது மனைவியின் விருப்பம். இரண்டு விடைகளையும் கோப்பில் தனித்தனி வரிகளாக, அவரவர் சொன்ன சொற்களிலேயே எழுதினேன். லித்தியம் தொடர்கிறது. அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து. அண்ணனும் வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.